ஈய வெள்ளை

ஞாயிறு இரவு, பாலராட் ஆஸ்பத்திரி,
எக்ஸ்ரே பிரிவு, இரண்டாம் எண் அறை.
போர்வை சுற்றிய நோயாளியை
நான்கு பேர் நிமிர்த்திப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள்.
வயது இருநூறுக்குப் பக்கம்.
பெயர் ஹாரியட் லோமாக்ஸ்.
கர்ப்பமா, உடம்பில் உலோகம் உண்டா என்று
கேட்க வேண்டிய கட்டங்களைக்
காலியாகவே விட்டேன்.

ஓவியக்கூடத்தில் இந்த எந்திரம் இல்லை.
வாங்கப் பட்ஜெட்டும் இல்லை.
ப்ரான்வென் எனக்குத் தோழியும் இல்லை,
நீச்சல் குளத்தில் பக்கத்து லேனில் நீந்துகிறவள்.
மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் ஒருநாள் கேட்டாள்,
"ஒரு பெண்ணைப் படம் எடுத்துத் தர முடியுமா?"

போர்வையை விலக்கினோம்.
பின்னால் புயல். சாம்பல் கடல்.
காற்று கலைத்த கூந்தல்.
ஒரு தோளில் மட்டும் தங்கிய சிவப்புச் சால்வை.
கண்கள்தான் நம்மிடம் இல்லை.
எங்கோ, நமக்குப் பின்னால், வெகுதூரத்தில்.
சுவரில் அவள் பக்கத்தில் ஒட்டிய குறிப்பு சொல்லுமாம்:
'முடிவற்றதை நோக்கும் பார்வை.
ஒரு காலத்தின் ஏக்கம் முழுவதும் இந்த இரு கண்களில்.'
ப்ரான்வென் மனப்பாடமாக ஒப்பித்தாள்.
அவள் எழுதியதுதான்.

நான் ஈய அங்கியை மாட்டிக்கொண்டேன்.
இவளோ ஈயத்தாலேயே ஆனவள்.
நெற்றி ஈய வெள்ளை, கழுத்து ஈய வெள்ளை.
கதிர் நுழையாதிருக்க நான் சுமப்பதை
அழகுக்காக அணிந்திருக்கிறாள்.

தடுப்புக்குப் பின்னால் போய்
பொத்தானில் விரல் வைத்து
பதினேழு வருஷப் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டேன்:
"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."
தமிழில்.
இந்த ஊரில் யாரிடமும் அதைத் தமிழில் சொன்னதில்லை.

அவள் அசையவில்லை.

திரையில் வந்தாள்.
எலும்பு இல்லை.
அதுதான் முதலில் உறைத்தது.
மண்டையோடில்லாத முகம், விலா இல்லாத மார்பு.
சட்டத்தின் ஆணிகள் மட்டும் பளீரென்று
வரிசையாக, பல் போல.
புயல் ஏறக்குறைய கரைந்துபோயிருந்தது.
பிறகு
மூக்கின் மேல் ஒரு வளைவு.
இருபுறமும் இரண்டு சின்ன வட்டங்கள்.
காதை நோக்கி ஓடும் ஒரு கம்பி.

ப்ரான்வென் திரையைத் தொட்டாள்.
தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை.

மூக்குக்கண்ணாடி.

யார் சொல்லி மறைத்தார்கள்?
கணவனா, ஓவியனா, அவளேவா,
இல்லை, கப்பல் ஏறுமுன்
'அக்காவைக் கொஞ்சம் லட்சணமாக்கிக் கொடு' என்று
காசு நீட்டிய தம்பி ஒருவனா.
எக்ஸ்ரே சொல்லாது.
உடைந்த இடத்தைக் காட்டும்,
உடைத்தவரைக் காட்டாது.

ஆனால் அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
மைனஸ் ஆறு பவர்.
பாளையங்கோட்டை ஸ்டூடியோவில்
அருவி வரைந்த திரைக்கு முன்னால்
என்னையும் கழற்றச் சொன்னார்கள்.
மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோ.
"லென்ஸைப் பாரும்மா."
லென்ஸ் எங்கே இருந்தது?
புகைபோல ஒரு ஆள், புகைபோல ஒரு குடை,
இரண்டுக்கும் நடுவில் எதையோ பார்த்தேன்.
போட்டோவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்,
'கண்ணுல என்ன ஒரு கனவு!'
அந்தக் கனவைக் கட்டிக்கொண்டு வந்தவர்தான்
காலையில் என் கண்ணாடியைத் தேடித் தருகிறார்,
சில நாள் ஃப்ரிட்ஜிலிருந்து.

முடிவற்றதெல்லாம் ஒன்றுமில்லை, ப்ரான்வென்.
எதிரே ஒரு நாற்காலி இருந்திருக்கும்,
அதில் தூரிகையோடு ஒருவன்.
அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை.
அவ்வளவுதான்.

அவள் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.
குறிப்பை மாற்ற வேண்டும் என்றாள்.
மாற்றுவாளா, தெரியாது.

மறுபடி போர்வை சுற்றி, வேனில் ஏற்றி,
ஜூலைப் பனிமூட்டத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள்
ஸ்டர்ட் தெருவில் திரும்பி மறைந்த பிறகு
எந்திரத்தை அணைக்க உள்ளே வந்தேன்.
வெளிக்குளிர் பட்ட கண்ணாடியில் ஆவி படர்ந்து
அறை முழுக்க ஒரு கணம் புயல்.
துடைத்து மாட்டியபோதுதான் நினைவு வந்தது,
"இப்போ மூச்சை விடலாம்" என்று
அவளிடம் சொல்லவேயில்லை.